பெட்டியின் சாவி யாரிடம்?

இந்த எபிசோடு ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் ஆரம்பிச்சது.

அனுப்பினவர் என் பெரியப்பா மகன். பிரான்ஸில் இருக்கார். எங்க சொந்த ஊர் வில்லியனூர் கொம்யூனில், ஊசுடு ஏரிக்குப் போற வழியில் இருக்கிற ஒரு கிராமம். புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மத்தவங்களுக்காகச் சொல்றேன். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவரை இங்கே ‘சொல்தா’ன்னு சொல்லுவாங்க. எங்க பெரியப்பா ஒரு சொல்தா. அதனால் அண்ணன் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். பிரான்ஸில் வேட்டைக்குப் போகணும்னா பரீட்சை எழுதி உரிமம் வாங்கணும். அண்ணன் வாங்கியிருக்கார். சீசன் வந்தா காட்டுப்பன்றி வேட்டைக்குக் கிளம்பிடுவார்.

வாய்ஸ் நோட் இதுதான்: “டேய் தம்பி, நீதானே வீட்ல இன்ஜினியரு. ரைஃபிளை ஃபிளைட்ல எடுத்துட்டுப் போக ஒரு ஹார்டு கேஸ் வாங்கணும். அடுத்த வருஷம் அமெரிக்கா போறேன். அப்புறம் ஊருக்கும் கொண்டு வரலாம்னு ஒரு ஆசை. எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லுடா.”

நான் எழுதுறது பேமென்ட் சாஃப்ட்வேர். துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்ல. ஆனா எங்க வீட்டுப் பரணில் ஒரு துப்பாக்கிப் பெட்டி இருக்கு. தாத்தாவோடது. உள்ளே துப்பாக்கி கிடையாது. நிலப் பத்திரம், பழைய ரேஷன் கார்டு, மஞ்சள் போன ரெண்டு பிரெஞ்சுக் காகிதம், அவ்வளவுதான். சாவி மட்டும் இன்னைக்கும் ஆயாவின் சுருக்குப்பையில் இருக்கு.

பிளாஸ்டிக், ஃபோம், விலை, இவ்வளவுதான் விஷயம்னு நினைச்சுத்தான் தேட ஆரம்பிச்சேன். ஆனா தேடத் தேட நூத்தம்பது வருஷக் கதை ஒண்ணு கிடைச்சது. துப்பாக்கிப் பெட்டியோட வரலாறு, துப்பாக்கியைப் பத்திரமா வைக்கிற வரலாறு மட்டும் இல்ல. அந்தப் பெட்டியின் சாவி யார்கிட்ட இருக்கணும்ங்கிற இழுபறியின் வரலாறும்கூட.

பரண் மேல ஒரு பெட்டி

முதல்ல தாத்தா பெட்டியை இறக்கிப் பார்த்தேன். மரப் பெட்டி, மூலைகளில் பித்தளை. உள்ளே பச்சைத் துணி ஒட்டின தடுப்புகள். ஒரு நீளமான குழி, பக்கத்தில் ஒரு வளைஞ்ச குழி, ஓரத்தில் சின்னச் சின்ன அறைகள். துப்பாக்கி போய் எத்தனையோ வருஷம் ஆகியும், அதோட உருவம் அந்தக் குழிகளில் அப்படியே இருக்கு.

ஒரு விஷயம் இடிச்சது. பெட்டி துப்பாக்கியைவிட ரொம்பக் குட்டை. காரணம் இதுதான்: தாத்தாகிட்ட இருந்தது இரட்டைக் குழல் துப்பாக்கி. அதில் குழலைத் தனியா, கட்டையைத் தனியாக் கழட்டலாம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல படுக்க வைச்சா சின்னப் பெட்டி போதும். 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் துப்பாக்கி வியாபாரிகள் ஓக் மரத்திலும் தோலிலும் செஞ்ச பெட்டிகள் எல்லாம் இந்த அமைப்புதான். கப்பல், ரயில், மாட்டு வண்டி, கூலி ஆள் தலைச்சுமை, எல்லாத்துக்கும் தோதான அளவு.

அண்ணன் வச்சிருக்கிறது போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். அதைப் பொதுவா அப்படிக் கழட்ட முடியாது. மேலே பொருத்தின தொலைநோக்கியைக் கழட்டினா குறி மாறிடும், மறுபடி சுட்டுப் பார்த்துச் சரிசெய்யணும். அதனால் முழு நீளத்துக்கும் ஒரு பெட்டி வேணும். இன்னைக்கு ஏர்போர்ட் பெல்ட்டில் நீங்க பார்க்கிற அந்த நீளமான கறுப்புப் பெட்டிக்கு முதல் காரணம் இதுதான்.

அந்தக் கால மரப் பெட்டியிலும் பூட்டு இருந்தது. ஆனா அது வேலைக்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான பூட்டு. துப்பாக்கி வச்சிருந்த துரைகிட்ட ‘பெட்டியைத் திற’ன்னு யாரும் கேட்கப் போறதில்லை. 1878-இல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்கள் துப்பாக்கி வைக்க உரிமம் வாங்கணும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரித் துப்பாக்கி. தூக்கிட்டுப் போறவர் தோல் நிறத்தைப் பொறுத்து ஒண்ணு விளையாட்டுச் சாமான், இன்னொண்ணு குற்றம்.

அந்தச் சட்டம் பிரெஞ்சு மண்ணில் செல்லாது. வில்லியனூரிலும் பாகூரிலும் எல்லைங்கிறது சில இடத்தில் ஒரு வாய்க்கால், சில இடத்தில் ஒரு வயல் வரப்பு. வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு அரசாங்கம், அந்தப் பக்கம் வேற அரசாங்கம். இதை மனசுல வச்சுக்கோங்க.

ரெண்டு அடி கொண்ட பெட்டி

1909-ஆம் வருஷத் தொடக்கம். லண்டன் இந்தியா ஹவுஸில் சமையல் வேலை பார்த்த சதுர்புஜ் அமீன், ஊருக்குத் திரும்பக் கப்பல் ஏறுகிறார். கூட ஒரு பெட்டி. அதுக்கு ரெண்டு அடிப்பாகம். மேல் அடிக்குக் கீழே, மறைவில், 20 பிரவுனிங் கைத்துப்பாக்கிகள். அனுப்பினவர் சாவர்க்கர். பெட்டி பம்பாய் வந்து சேர்ந்தது. அந்த வருஷம் டிசம்பர் 21-இல் நாசிக் கலெக்டர் ஜாக்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தேடிப் போனபோது கைத்துப்பாக்கி இந்தப் பெட்டியைக் காட்டிக்கொடுத்தது. பெட்டி சாவர்க்கரைக் காட்டிக்கொடுத்தது.

லண்டனில் சாவர்க்கருக்கு நெருக்கமா இருந்த வ.வே.சு. ஐயர் அங்கிருந்து தப்பி 1910-இல் புதுச்சேரி வந்தார். பாரதியும் அரவிந்தரும் ஏற்கனவே இங்கே. வாஞ்சிநாதன் ஐயரிடம் சுடப் பயிற்சி எடுத்தது இங்கேதான். 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம், திருநெல்வேலி கலெக்டர் ஆஷ். வாஞ்சியின் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் வகைத் துப்பாக்கிதான்.

சரியா தப்பாங்கிற விவாதத்துக்குள்ள நான் போகல. பெட்டியை மட்டும் பாருங்க. பொருளைப் பாதுகாக்கிற பெட்டி, இங்கே பொருளை ஒளிக்கிற பெட்டியா மாறுது. அன்னையிலிருந்து எந்த அரசாங்கமும் பூட்டின பெட்டியைப் பழைய கண்ணோடு பார்க்கல. ‘உன் சாவி உன்கிட்டயே இருக்கட்டும், ஆனா என் முன்னாடி திற.’ பாதி விதி அங்கேயே எழுதியாச்சு.

ஏரி மாறின கதை

மறுபடி ஊருக்கு வருவோம். ஊசுடு ஏரிதான் புதுச்சேரியிலேயே பெரிய ஏரி, அடுத்தது பாகூர் ஏரி. ரெண்டுக்கும் மழைக்காலம் முடிஞ்சதும் வலசைப் பறவைகள் வரும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, கூடவே நாமக்கோழிக் கூட்டம். பிரெஞ்சுக் காலத்தில் தாத்தா அந்தத் துப்பாக்கியோடு விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போனதை ஆயா இன்னும் சொல்லுவாங்க. “ரெண்டு வாத்து கொண்டாருவாரு, வீடெல்லாம் றெக்கை.”

1954 அக்டோபர் 18-இல் வில்லியனூர் பக்கத்துக் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையணும்னு சொன்னாங்க. நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16. அதுக்கப்புறம் இந்தியச் சட்டங்கள் வந்தன, தாத்தா துப்பாக்கிக்கு இந்திய உரிமம் வந்தது. வரப்புக்கு ரெண்டு பக்கமும் ஒரே அரசாங்கம்.

அடுத்த மாற்றம் பறவைகளுக்கானது. 1970-இல் நாடு முழுக்கப் புலி வேட்டைக்குத் தடை. 1972-இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம். அந்தச் சட்டத்தில்கூட ஆரம்பத்தில் உரிமத்தோடு சில விலங்குகளை வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தம் அந்த வழியையும் அடைச்சது. 2008-இல் ஊசுடு ஏரி பறவைகள் சரணாலயம் ஆச்சு.

தாத்தா அதுக்கெல்லாம் முன்னாடியே சுடுறதை நிறுத்திட்டார். ஒவ்வொரு தேர்தலுக்கும் உரிமத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லுவாங்க. பெட்டியோடு கொண்டு போய்க் கொடுத்து, தேர்தல் முடிஞ்சதும் வாங்கி வருவார். அவர் இறந்தப்புறம் உரிமத்தை யாரும் தன் பேருக்கு மாத்த விரும்பல. துப்பாக்கியை ஒப்படைச்சாங்க, பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்துட்டாங்க.

விமானம் கத்துக்கிட்ட பாடம்

இப்போ விமானத்துக்கு வருவோம். 1971 ஜனவரி 30. ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸின் ‘கங்கா’ விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டது. கடத்தினவங்க கையில் இருந்தது பொம்மைத் துப்பாக்கி. பயணிகள் விடுவிக்கப்பட்டாங்க, விமானம் எரிக்கப்பட்டது. துப்பாக்கி மாதிரி ஒரு பொருள் கேபினுக்குள்ள இருந்தாலே போதும்னு உலகத்துக்கே புரிஞ்ச காலம் அது.

1976 செப்டம்பர் 10-இல் இன்னொரு இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டது. அதுக்கப்புறம் அமைந்த பாண்டே குழுவின் பரிந்துரைப்படி 1978 ஜனவரியில் விமானப் பாதுகாப்புக்குன்னு ஒரு தனிப் பிரிவு வந்தது. இன்னைக்கு நாம பிசிஏஎஸ்னு சொல்றது அதைத்தான்.

1985 ஜூன் 23. ஏர் இந்தியா 182, கனிஷ்கா. 329 பேர் இறந்தாங்க. குண்டு கேபினில் இல்லை, சரக்கு அறையில் போன ஒரு சூட்கேஸில் இருந்தது. அந்த சூட்கேஸைப் போட்டவர் விமானத்தில் ஏறவே இல்லை. அதனால்தான் இன்னைக்கு நீங்க போர்டிங்குக்கு வரலைன்னா உங்க பையைத் தேடி இறக்குறாங்க. 1987 ஏப்ரல் 1-இல் பிசிஏஎஸ் தனித் துறையாச்சு.

இந்த மூணு பாடத்தையும் ஒண்ணாக் கட்டினதுதான் இன்றைய துப்பாக்கிப் பெட்டி விதி. கேபினில் கூடாது, செக்-இன் பையாத்தான் போகணும். கவுன்டரிலேயே வாயைத் திறந்து சொல்லணும். தோட்டா நிரப்பியிருக்கக் கூடாது. தோட்டாக்கள் தனியா, பத்திரமாக் கட்டி, ஒரு ஆளுக்கு 5 கிலோவுக்குள்ள. உங்க முன்னாடி திறந்து பார்ப்பாங்க, பிறகு நீங்க பூட்டுவீங்க. அமெரிக்க விதி இன்னும் வெளிப்படையானது: கடினமான சுவர் கொண்ட, பூட்டிய பெட்டி, சாவி பயணியிடம் மட்டுமே.

கீ மேனேஜ்மென்ட், நிஜமாவே

இங்கேதான் எனக்குள்ள இருக்கிற இன்ஜினியர் எழுந்து உட்கார்ந்தான்.

2003-இல் அமெரிக்காவில் ஒரு வகை சூட்கேஸ் பூட்டு வந்தது. பாதுகாப்பு அதிகாரிகள் கையில் ஒரு மாஸ்டர் சாவிக் கொத்து, அது எல்லாப் பூட்டையும் திறக்கும். பூட்டை உடைக்காம சோதிக்கலாம், நல்ல ஏற்பாடுதானே? 2014 நவம்பரில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை ஒரு கட்டுரையோடு அந்தச் சாவிகளின் படத்தையும் போட்டுடுச்சு. 2015-இல் யாரோ படத்தைப் பார்த்தே சாவிகளை வரைஞ்சு கிட்ஹப்பில் ஏத்த, உலகம் முழுக்க 3டி பிரின்டரில் சாவி அடிச்சாங்க. உங்க ஆபீஸில் யாராவது பிரைவேட் கீயைப் பொது ரெப்போவில் கமிட் பண்ணியிருந்தா, இந்த வலி உங்களுக்குத் தெரியும். பாஸ்வேர்டை மாத்திடலாம். கோடிக்கணக்கான பூட்டை எப்படி மாத்துறது?

அதனால் அண்ணனுக்கு நான் அனுப்பின முதல் குறிப்பு பெட்டியைப் பத்தினது இல்ல, பூட்டைப் பத்தினது. மாஸ்டர் சாவி இல்லாத நல்ல தனிப் பூட்டு வாங்குங்க. பெட்டியில் எத்தனை பூட்டு ஓட்டை இருக்கோ அத்தனையிலும் போடுங்க. நடுவில் ஒண்ணு மட்டும் போட்டா, ஓரத்தை நெம்பித் தூக்கிக் கையை விட்டுடலாம். அப்படி நெம்ப வந்தா அது பூட்டின பெட்டியே இல்லைன்னு கவுன்டரில் திருப்பி அனுப்பலாம்.

ரெண்டாவது, காற்று. நீர் புகாத பெட்டின்னா காற்றும் புகாது. விமானம் மேலே இருக்கும்போது உள்ளே இருக்கிற அழுத்தம், அதிகபட்சமா சுமார் 2,400 மீட்டர் மலை உச்சியில் இருக்கிற அளவுக்குக் குறையும். அதாவது தரையில் இருப்பதில் முக்கால்வாசி. மேலே இருக்கும்போது பெட்டிக் காற்று கொஞ்சம் கசிஞ்சு வெளியே போயிடுச்சுன்னு வைங்க. கீழே இறங்கினதும் வெளிக்காற்று மூடியை அழுத்தும். 130 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம் உள்ள மூடிக்குக் கணக்குப் போட்டேன்: ஒரு டன்னுக்கு மேல! கேஸ் குறையாத குக்கர் மூடியை இழுக்கிற கதைதான், திசை மட்டும் தலைகீழ். அதனால் அழுத்தத்தைச் சமன் செய்யும் வால்வு உள்ள பெட்டியா வாங்கணும். கடல் நீர் மூழ்காளரான டேவ் பார்க்கர் 1976-இல் கலிஃபோர்னியாவில் ஆரம்பிச்ச பெலிகன் மாதிரி கம்பெனிகளின் பெட்டிகளில் அந்த வால்வு இருக்கும்.

மூணாவது, எடையும் அளவும். பல ஏர்லைன்ஸில் சாதாரணப் பைக்கு 23 கிலோ, எந்த ஒரு பையும் 32 கிலோவைத் தாண்டக் கூடாது; தூக்கிப் போடுற தொழிலாளி முதுகுக்காக வச்ச எல்லை அது. நீளம், அகலம், உயரம் மூணும் கூட்டி 158 சென்டிமீட்டர். ரைஃபிள் பெட்டி அதைத் தாண்டத்தான் செய்யும், அதனால் முன்கூட்டியே சொல்லி வைக்கணும். பெட்டி எடை 12 கிலோ, தொலைநோக்கியோடு ரைஃபிள் 5 கிலோன்னா சமாளிக்கலாம்.

நாலாவது, ஃபோம். ரைஃபிளின் உருவத்துக்கு வெட்டணும், தொலைநோக்கி மேல எந்த அழுத்தமும் விழக் கூடாது. பயணம் முடிஞ்சதும் ரைஃபிளை வெளியே எடுத்துடணும். ஃபோம் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், நம்ம ஊர் உப்புக்காத்துக்கு ஒரு வாரத்தில் துரு ஏறிடும். தாத்தா பெட்டியின் பச்சைத் துணியிலும் குழல் படுத்த இடத்தில் ஒரு துருக்கோடு இருக்கு.

ஊருக்குக் கொண்டு வரலாமா?

எல்லாத்தையும் அனுப்பினேன். அண்ணன் சந்தோஷப்பட்டார். அப்புறம் ஒரு சட்டப் பிரிவின் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். “பாரு, என்னால கொண்டு வர முடியும்டா.”

அவர் சொன்னது தப்பில்லை. 1959 ஆயுதச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கு. அரசு அறிவிக்கும் நாடுகளைச் சேர்ந்த உண்மையான சுற்றுலாப் பயணி, விதிகளுக்கு உட்பட்டு, விளையாட்டுக்காக மட்டும், நியாயமான அளவு ஆயுதம் கொண்டு வரலாம். இது எந்தக் காலத்து வரி தெரியுமா? 1960-களில் வெளிநாட்டுக்காரர்கள் டாலரோடும் ரைஃபிளோடும் இந்தியாவுக்குப் புலி சுட வந்தாங்க. அதுக்குன்னே ஷிகார் கம்பெனிகள் இருந்தன. அந்த விருந்தாளிக்குத் திறந்து வச்ச கதவு அது. விருந்து 1972-இல் குறைஞ்சு 1991-இல் முடிஞ்சுபோச்சு. கதவு மட்டும் நிக்குது. ரைஃபிள் உள்ளே வரலாம், அதை நீட்ட ஒரு உயிர்கூட இங்கே மிச்சம் விடப்படல. பிரான்ஸில் காட்டுப்பன்றி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த அரசே வேட்டைக்காரரை நம்புது. இங்கே ஏரி வேற முடிவுக்கு வந்துடுச்சு.

நான் இதைச் சொன்னப்போ அண்ணன் கொஞ்ச நேரம் பேசல. பிறகு சொன்னார்: “சுடணும்னு இல்லடா. தாத்தா நின்ன எடத்துல ஒரு தடவை அதை வச்சுக்கிட்டு நிக்கணும்.”

இதுக்கு என்கிட்ட டெக்னிக்கல் பதில் இல்ல. ஒரு கதை மட்டும் சொன்னேன். சம்பாவத்து ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதுக்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்கு ஒரு ரிக்பி ரைஃபிள் பரிசாக் கொடுத்தாங்க. 1947-இல் அவர் கென்யா போயிட்டார். அந்த ரைஃபிளைச் செஞ்ச லண்டன் கம்பெனியே 2015-இல் அதை மறுபடி வாங்கி, 2016-இல் அவரோட பழைய ஊரான சோட்டி ஹல்த்வானிக்குக் கொண்டு வந்தது. ஊர் ஜனங்க அதைத் தொட்டுப் பார்த்தாங்க. பிறகு அது பெட்டிக்குள்ள போய் லண்டன் திரும்பிடுச்சு. அப்படி வர அதுக்கு ஒரு வரலாறு இருந்தது. அண்ணனோட ரைஃபிள் இந்த ஏரியைப் பார்த்ததே இல்ல. ஏரியைத் தெரிஞ்சது தாத்தா துப்பாக்கி, அது போயாச்சு.

ஜனவரியில் அண்ணன் வர்றார். ரைஃபிள் இல்லாமத்தான். ஹார்டு கேஸை அமெரிக்கப் பயணத்துக்கு வாங்கிட்டார், வால்வோடு, நாலு தனிப் பூட்டோடு. ஊசுடு ஏரிக்கு நாங்க ஒரு பைனாகுலர் எடுத்துட்டுப் போறோம். விஷயத்தை ஆயாகிட்ட சொன்னேன். பரண் பெட்டியில் அந்த வளைஞ்ச குழியில் பைனாகுலரை வச்சுப் பார்த்தாங்க, சரியாப் பொருந்தல. “பரவால்ல, ஒரு துணி சுத்தி வையி”ன்னு சொல்லிப் பூட்டிட்டு, சாவியைச் சுருக்குப்பைக்குள்ள போட்டுக்கிட்டாங்க.

உங்க வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தா, அடுத்த எபிசோடுக்குள்ள இறக்கிப் பாருங்க. சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்டு வைங்க. மறுபடி சந்திப்போம்.